வானொலி யார் கையில்?

பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையில் 1986இல் சமூக வானொலி தொடங்கியது. அயல் மாவட்டமான நுவரெலியாவின் கொத்மலை வானொலி 1999இல் இணையத்தையும் சேர்த்துக்கொண்டு, நேயர்களின் கேள்விகளுக்கு அதில் விடை தேடிச் சொன்னது. 2002இல் அதனை ஆராய்ந்த லண்டன், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலையத்தோடு நின்றுவிடவில்லை; மக்களின் அன்றாட வாழ்க்கையையும் பார்த்தார்கள்.

ஏன் தெரியுமா? ஊவாத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போன தாய் பகல் நிகழ்ச்சியை எப்படிக் கேட்பாள்? மாலையில் வானொலி யார் கையில்? வீட்டுக்கு வந்தால்தானே இது விளங்கும்!

ஆகவே, பல்கலைக்கழக மாணவியொருத்தி வினாத்தாளோடு உங்கள் வாசலுக்கு வந்தால், "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கணவரிடம் அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள். நீங்கள் சொல்லாதது எந்த ஆய்விலும் எழுதப்படாது.