புயலுக்குப் பின் மின்சாரமும் போக்குவரத்தும்: கைவசம் உள்ளதைக் கொண்டு சமாளிப்பது எப்படி?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை மரங்களையும் மின்கம்பங்களையும் ஒருசேரச் சாய்த்தது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் கிராம மக்கள் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினர். சாலையில் விழுந்த மரங்களைத் தாங்களே அறுத்து வழி செய்தனர். கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யும் இத்தகைய ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அளவு உண்டு. அளவு தெரியாமல் செய்தால் டீசல் வீணாகும். சில சமயம் உயிரும் போகும். ஆகவே பருவமழைக்கு முன்பே இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

குடிநீருக்கே முதலிடம்

மின்சாரம் நின்றுபோனால் வீட்டு விளக்கைவிட ஊர்க் குடிநீரே அவசரம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று கொண்டால் 2,000 பேருக்கு 30,000 லிட்டர் தேவை. 5 குதிரைத்திறன் உள்ள நீர்மூழ்கி மோட்டார், மொத்தம் 100 அடி உயரம் ஏற்றும்போது மணிக்கு ஏறத்தாழ 15,000 லிட்டர் தரும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஊருக்கு ஒரு நாள் தண்ணீர் கிடைத்துவிடும். இதற்கு 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் எரிக்கும் டீசல் ஏறத்தாழ ஏழெட்டு லிட்டர்தான். வீட்டுக்கு வீடு சிறு ஜெனரேட்டர் ஓட்டுவதைவிட, தெருவார் கூடி டீசல் போட்டு இதைச் செய்வது சிக்கனம்.

டிராக்டரில் மின்சாரம்

ஜெனரேட்டர் கிடைக்காத ஊரிலும் டிராக்டர் இருக்கும். பி.டி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டில் ஆல்டர்னேட்டரை இணைத்து மின்சாரம் எடுக்கலாம். சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஆல்டர்னேட்டருக்கு வேண்டியது 1,500 சுற்று. எனவே புல்லி அல்லது பல்சக்கரம் கொண்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். மோட்டாரைப் போடும் முன் வோல்ட் மீட்டரையும் சைக்கிள் மீட்டரையும் பார்ப்பது அவசியம். 50 சைக்கிளும் சரியான வோல்ட்டேஜும் நிலையாக நின்ற பிறகே ஸ்டார்ட்டரைத் தட்ட வேண்டும். இல்லாவிடில் மோட்டாரின் காயில் கருகிவிடும்.

மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அதனால் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 12 முதல் 15 கே.வி.ஏ. வரை உள்ள ஆல்டர்னேட்டர் வேண்டும். கடைக்காரர் வைத்திருக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் இதற்கு உதவாது. மோட்டார் ஓடியும் தண்ணீர் குறைவாக வந்தால் அது தலைகீழாகச் சுற்றுகிறது என்று அறியலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்று பேஸ் ஒயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

உயிரைப் பறிக்கும் இரண்டு தவறுகள்

அவசரத்தில் பலர் ஜெனரேட்டர் ஒயரை நேராக வீட்டு பிளக்கிலோ மோட்டார் கொட்டகையின் மெயின் போர்டிலோ செருகிவிடுகின்றனர். மெயின் சுவிட்ச் போட்டபடி இருந்தால் அந்த மின்சாரம் வெளியே லைனுக்கும் போகும். 11,000 வோல்ட்டை நமக்குக் குறைத்துத் தரும் அதே டிரான்ஸ்பார்மர், இப்போது நம் மின்சாரத்தை 11,000 வோல்ட்டாக உயர்த்தி லைனில் விடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பி எங்கோ ஒரு கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியர் அந்தக் கம்பியைத் தொடுவார். கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேற்று வயல்களில் கம்பம் நட்டவர்கள் இவர்கள்தாம். நமக்கு வெளிச்சம் தர வந்தவரை நாமே கொன்றவராவோம்.

இதைத் தவிர்க்க சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும். அது இல்லாத இடத்தில், ஸ்டார்ட்டருக்கு வரும் லைன் ஒயர்களை அடியோடு கழற்றி, முனைகளை டேப் சுற்றி ஒதுக்கிய பிறகே ஜெனரேட்டர் ஒயரைக் கொடுக்க வேண்டும். மெயினை அணைத்தால் மட்டும் போதாது. தெரியாமல் வேறொருவர் போட்டுவிடலாம். இவ்வேலையை வயரிங் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

இரண்டாவது தவறு, மழைக்குப் பயந்து எஞ்சினை வீட்டுத் திண்ணையிலோ மூடிய கொட்டகையிலோ வைத்து ஓட்டுவது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் எழமாட்டார். கதவு, சன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, மேலே தகரம் மட்டும் போட்டுத் திறந்த வெளியில் ஓட்ட வேண்டும்.

விளக்கும் செல்போனும்

சைக்கிளை மிதித்து மின்சாரம் எடுக்கலாம் என்பது இளைஞர்கள் அடிக்கடி சொல்லும் யோசனை. ஒருவர் தொடர்ந்து மிதித்தால் 50 முதல் 75 வாட் வரை தரலாம். விளக்குக்கும் செல்போனுக்கும் இது போதும். 5 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 3,700 வாட். அதற்கு ஐம்பது பேருக்கு மேல் மிதிக்க வேண்டும்! சாதாரண சைக்கிள் டைனமோ 3 வாட் மட்டுமே தரும். அதுவும் மாறுமின்சாரம் என்பதால் செல்போனில் நேராக இணைக்கக் கூடாது.

டிராக்டர் பாட்டரி இதைவிட எளிது. 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியை மட்டும் செலவிட்டாலும், காருக்கான சார்ஜர் வழியாக சுமார் 20 செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றலாம். மீதிப் பாதி டிராக்டரைக் கிளப்ப இருக்கட்டும்.

சூரிய பம்பு வைத்திருப்போர் அதன் தகடுகளிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்க முயலக் கூடாது. அவை வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் பல நூறு வோல்ட் இருக்கும். சாய்ந்து கிடக்கும் தகட்டிலும் வெயில் பட்டால் மின்சாரம் உண்டு. மோட்டாரும் டைனமோவும் ஒன்றையொன்று சுற்றி, செலவின்றி மின்சாரம் தரும் என்று யாரேனும் கருவி விற்க வந்தால் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு கருவி இயற்கையில் இயலாது.

சாண எரிவாயுவும் விழுந்த தென்னையும்

ஐந்து மாடுகளின் சாணம், அதாவது நாளொன்றுக்கு 50 கிலோ, 2 கன மீட்டர் கலனுக்குப் போதும். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்தின் சமையல் இதில் நடக்கும். இதே வாயுவில் 5 குதிரைத்திறன் எஞ்சினை ஓட்டினால் ஒரு நாள் வாயு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே சாண வாயுவை அடுப்புக்கும், டீசலை எஞ்சினுக்கும் வைத்துக்கொள்வதே முறை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் நாட்டில் கரிவாயுவில் பஸ்கள் ஓடின. விழுந்த தென்னையைக் கொண்டு அதுபோலச் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் பச்சைத் தென்னையில் பாதிக்குமேல் நீர். அதிலிருந்து வரும் வாயு தார் படிந்து எஞ்சினை அடைத்துவிடும். அவ்வாயுவில் கார்பன் மோனாக்சைடும் மிகுதி. இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. நேரான மரங்களை வாய்க்கால் பாலத்துக்குப் பயன்படுத்தலாம். எஞ்சியவற்றைத் தோப்பில் மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகி, பிழைத்து நிற்கும் மரங்களையும் தாக்கும். விரைவில் அப்புறப்படுத்த வேண்டும்.

போக்குவரத்து

மரம் விழுந்த சாலையில் டிராக்டர் நின்றுவிடும். சைக்கிளைத் தூக்கித் தாண்டலாம். மருந்து, பால், அரிசி மூட்டை ஆகியவற்றைத் தள்ளிச் செல்ல முதல் இரண்டு நாட்களில் சைக்கிளே உதவும். வழி திறந்ததும் மாட்டு வண்டி டீசல் இல்லாமல் ஓடும். மாடுகளைத் தாழ்ந்து தொங்கும் கம்பிகளின் பக்கம் விடக் கூடாது.

தேங்கிய நீரைக் கடக்க டிரம் தெப்பம் கட்டலாம். ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஒரு கிலோ எடையைத் தாங்கும் என்பதே கணக்கு. நன்கு மூடிய 200 லிட்டர் டிரம், தன் எடை போக 180 கிலோ தாங்கும். நான்கு டிரம்முக்கு 700 கிலோ. இதில் பாதியான 350 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இருகரையிலும் கயிறு கட்டி, நிற்கும் நீரில் மட்டுமே விட வேண்டும். ஓடும் வெள்ளத்தில் தெப்பம் ஆகாது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் பலரை மீட்டவர்கள், லாரிகளில் தங்கள் படகுகளை ஏற்றிவந்த மீனவர்கள். பழகிய கையும் பழகிய படகும்தாம் அங்கே வேலை செய்தன.

புரட்டாசியிலேயே செய்ய வேண்டியவை

ஊரில் டிராக்டர், ஆயில் எஞ்சின், ஆல்டர்னேட்டர், மரம் அறுக்கும் ரம்பம் யாரிடம் உள்ளன என்று பட்டியல் எழுதி வைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தித் தரும்படி ஊராட்சியைக் கேட்க வேண்டும். ஒரு நாள் மெயினைத் துண்டித்து, டிராக்டர் மின்சாரத்தில் தொட்டியை நிரப்பிப் பார்த்துவிட வேண்டும். ஒயர் நீளம் போதாதது, புல்லி பொருந்தாதது எல்லாம் அன்றே தெரிந்துவிடும். புயலன்று இருட்டில், மழையில் நின்று புதிதாக எதையும் செய்து பார்க்க நேராதபடி இப்போதே தயாராவது விவசாயிகளின் கையில்தான் உள்ளது.