செல்லப்பிராணிக்கும் மருத்துவக் காப்பீடு தேவையா?

நோயாளியின் நலம் விசாரிக்க வருவோர், அவர் வீட்டில் வளரும் நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ கேட்பது அரிது. ஆயினும் சிகிச்சைக் காலத்தில் பல குடும்பங்களை வருத்தும் கவலைகளுள் அதுவும் ஒன்றாகும். வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கும் வேளையில் பிராணியும் நோயுற்றால், இருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி எழுகிறது. அப்போது தள்ளிவைக்கப்படுவது பெரும்பாலும் அந்த வாயில்லா ஜீவனின் சிகிச்சையே.

இத்தாமதம் நோயாளிக்கும் தீங்காகலாம். புற்றுநோய்க்கு மருந்து பெறுவோருக்கும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். நாயின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலும், நாய், பூனைகளின் தோலிலிருந்து படர்தாமரையும் மனிதருக்குத் தொற்றக்கூடும். ஆகவே பிராணியை உடனுக்குடன் மருத்துவரிடம் காட்டுவது நோயாளியின் பாதுகாப்புக்கும் உரியது.

குடும்பத்திற்கென எடுத்த மருத்துவக் காப்பீடும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பிராணிகளுக்குப் பொருந்தா. அவற்றுக்குத் தனி பாலிசி வேண்டும். ஸ்வீடன் நாட்டில் 1924ஆம் ஆண்டிலேயே நாய்க்குக் காப்பீடு வழங்கப்பட்டது. இந்தியாவிலும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில நாய்களுக்கும், அவற்றுள் சில பூனைகளுக்கும் இதனை வழங்குகின்றன. இனம், வயது, காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைப் பொறுத்து பிரீமியம் அமையும்.

எவை அடங்கும்?

விபத்து, எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் வைத்துப் பார்க்கும் செலவு ஆகியவை பொதுவாக அடங்கும். நாய் பிறரைக் கடித்தால் எழும் இழப்பீட்டுப் பொறுப்பையும் சில பாலிசிகள் ஏற்கின்றன. ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் போன்ற வழக்கமான செலவுகள் பெரும்பாலும் அடங்கா. முன்பே இருந்த நோய்களுக்கும் இழப்பீடு கிடைப்பதில்லை. தடுப்பூசி போடத் தவறியதால் பார்வோ போன்ற நோய் கண்டால் கோரிக்கை மறுக்கப்படலாம்.

எப்போது எடுப்பது?

பிராணி இளமையாகவும் நலமாகவும் இருக்கும்போதே எடுப்பது நன்று. வயது முதிர்ந்தபின் புதிதாகச் சேர்வது கடினம். பாலிசி தொடங்கியபின் காத்திருப்புக் காலமும் உண்டு. ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் இதனை முன்கூட்டியே முடித்துவிடுதல் நலம். கையொப்பமிடுமுன் மூன்றைக் கேட்டறியுங்கள்: காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? செலவில் நம் பங்கு எவ்வளவு? பணத்தை நாம் முதலில் கட்டிப் பின்னர் பெறவேண்டுமா? தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், ரசீதுகள், பிராணியின் படம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் பிராணியைக் கவனிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

காப்பீடு கிடைக்காதபோது

முதிய பிராணிகளுக்கு மாதந்தோறும் சிறு தொகையைத் தனியே சேமித்து வருவது ஒரு வழி. அரசு கால்நடை மருத்துவமனைகளில் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். சென்னையில் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பலருக்கும் அறிமுகமானது.

எந்தக் காப்பீடும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஈடாகாது. அறிகுறி தோன்றியபின் வெறிநோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. பிராணி கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் பிராணி இருப்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் மறவாமல் தெரிவியுங்கள்.