கரோல் பாகில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக்: பளபளப்பைப் பார்க்குமுன் பெயரைப் பாருங்கள்

கரோல் பாக் என்றதும் தில்லித் தமிழர்களில் மூத்தவர்களுக்கு வாடகை அறைகளும் மெஸ் சாப்பாடும் நினைவுக்கு வரும். இன்றைய இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது அங்குள்ள நாயிவாலா சந்துகள்தான். பழைய மோட்டார் சைக்கிள்கள் மெருகேற்றப்பட்டு வரிசையாக நிற்கும் இடம் அது. திருவொற்றியூர் வழிவந்த புல்லட், ஓசூர் அப்பாச்சி, பக்கத்துச் சூரஜ்பூரில் தயாராகும் யமஹா ஆர்15 எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த பணத்துடன் விடுமுறை நாளில் அங்கே போகிற இளைஞர், மின்னும் பெட்ரோல் டாங்கை ஒருமுறை தடவிப் பார்த்தாலே பாதி மனத்தைப் பறிகொடுத்துவிடுவார். "ஏக்தம் நயா ஹை, பாயி சாப்" என்று கடைக்காரர் சொல்லும்போது மீதியும் போய்விடும்.

இந்த மோகம் புதிதல்ல. 1983இல் ஃபரீதாபாத் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி.350 வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. புல்லட்டையே பெரிய வண்டி என்று நினைத்திருந்தவர்கள் அதன் பாய்ச்சலைக் கண்டு மலைத்தார்கள். ஆனால் ஜப்பானிய வண்டியின் முன் சக்கரத்திலிருந்த டிஸ்க் பிரேக்குக்குப் பதில் இங்கே டிரம் பிரேக்கைத்தான் வைத்தார்கள். ஓடிய வேகத்துக்கு ஈடாக அது நிற்கவில்லை. பெட்ரோலையும் தண்ணீராய்க் குடித்தது. சில ஆண்டுகளில் தயாரிப்பே நின்றுபோனது. இன்று அதே வண்டியை ஆசைக்காகத் தேடி வாங்குகிறார்கள். அது வேறு சங்கதி. முதல் வண்டி வாங்குகிறவர் எப்படி ஓடுகிறது என்று கேட்பதற்கு முன் எப்படி நிற்கிறது என்று கேட்பது நல்லது.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. பதறிப்போய் அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏற்பாடு அது. பல வண்டிகளில் முன் சக்கரத்துக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். அதற்குப் பிந்திய வண்டியாக இருந்தால் சில ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. தில்லியில் இன்னொரு காரணமும் உண்டு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுவதையே நிறுத்திப் பார்த்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் கைவிட்டார்கள். இந்த இழுபறியில் போய்ச் சிக்கிக்கொள்வானேன்?

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே போக வேண்டும். எஞ்சினைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியோ என்று சந்தேகிக்க இடமுண்டு. கைப்பிடி நுனி, பிரேக் லீவர், கால் வைக்கும் கம்பி இவற்றில் தேய்மானக் கீறல் இருந்தால் வண்டி விழுந்து எழுந்திருக்கிறது. பெயிண்ட் இதை மறைக்கும். லீவரின் வளைவு மறைக்காது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, கழுத்துப் பகுதியில் புது வெல்டிங் இரண்டையும் குனிந்து பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். சேஸிஸ் எண் அராவியதுபோல் தெரிந்தால் பேரமே வேண்டாம், திரும்பிவிடலாம். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப்போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

யார் பெயரில் வண்டி?

பலரும் சறுக்குவது காகிதத்தில்தான். 29, 30ஆம் எண் பாரங்களில் விற்றவர் கையெழுத்து மட்டும் வாங்கி, மீதியைக் காலியாக விட்டு வண்டியைக் கைமாற்றுவது சந்தையில் சர்வசாதாரணம். மாற்றலாகி ஊருக்குப் புறப்படும் நம்மவர்களும் அவசரத்தில் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அதன் பலன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 2007இல் ஒருவர் தம் காரை விற்றார். அது பல கை மாறியது. பதிவில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009இல் அந்தக் கார் விபத்து செய்தது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. விற்றுப் பதினோரு ஆண்டு கழித்து!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்த கடிதத்தோடு 35ஆம் எண் பாரமும் வேண்டும். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபருக்கான பகுதி சட்டப்படி வண்டியோடு சேர்ந்தே வரும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கோ, பாலிசி நம் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் பதிவு விவரம் வந்துவிடுகிறது. பாக்கி அபராதச் சலான்களையும் பார்த்துவிடுவது நல்லது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டுமென 2023 ஏப்ரலில் விதி வந்தது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்டால், கடைக்காரரின் முகத்திலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதம் நண்பர்களைப் பின்னால் ஏற்றாமல் இருப்பது உத்தமம். அதிகாலையில் காலியான சாலையில் பிரேக்கைப் பழக வேண்டும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. நம்மவர் பலர் சைக்கிள் பழக்கத்தில் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். அள்ளிப் பிடிக்காமல், முட்டையைப் பிடிப்பதுபோலத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி சுமார் 17 மீட்டர் போய்விடுகிறது. திடுக்கிட்டுக் கை பிரேக்குக்குப் போகும் நேரம் அது. அதன் பிறகு நிற்பதற்கு, 30இல் ஆகிற தூரத்தைப்போல் நான்கு மடங்கு ஆகும். மெட்ரோ தூண்களுக்கு இடையே எதிர்த்திசையில் வரும் இ-ரிக்‌ஷாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனி இறங்கும் இரவுகளில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் போவதே புத்திசாலித்தனம்.

ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் ரத்து என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் தொப்பிகள் அபராதத்துக்கு வேண்டுமானால் உதவலாம், மண்டைக்கு உதவா. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, தாடைப் பட்டையையும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு என்றைக்காவது ஊருக்கே மாற்றல் கிடைத்து வண்டியையும் கொண்டுபோக நேர்ந்தால், ரயில்வே பார்சலில் ஏற்றுமுன் டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் வடித்துவிட வேண்டும். தில்லி அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றுக்கு 28ஆம் எண் பாரத்தை முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது. வண்டி ஊர் சேர்ந்த பிறகு அதற்காகத் திரும்பத் தில்லிக்கு அலைந்தவர்கள் உண்டு.