மருந்துக்கு மசியாத முட்டை

வெண்பன்றி வளர்க்கும் வாசகர் ஒருவர் குமுறியிருக்கிறார். பூச்சி மருந்து கொடுத்தால் உருண்டைப்புழு விழுகிறதாம். இரண்டு மாதத்தில் மறுபடி அதே கதையாம். மருந்து போலியா என்கிறார். மருந்தின்மேல் பழியில்லை. குடலில் இருக்கும் புழுவைத்தான் அது கொல்லும். கொட்டிலில் கிடக்கும் முட்டையை என்ன செய்யும்?

உருண்டைப்புழுவை நாம் அறிவோம். என்னை அசத்துவது அதன் முட்டை. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் இடும். சாணத்தோடு வெளியேறும்போது உள்ளே இருப்பது ஒரே செல். அப்போது பன்றி தின்றாலும் ஒன்றும் ஆகாது, வந்த வழியே போய்விடும். ஈரமும் ஆக்சிஜனும் சூடும் கிடைத்தால்தான் சில வாரங்களில் ஓட்டுக்குள் குட்டிப் புழு சுருண்டு நெளியும். சுமார் 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் முட்டை சாகாது. வட ஐரோப்பாவின் பனிக்காலம் முழுக்க மண்ணில் கிடந்து, கோடை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நெளிகிறதே, தயாராகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஓட்டுக்குள்ளேயே அது இரண்டு முறை தோலுரித்து, மேலும் சில வாரம் முதிர வேண்டும். பிறகுதான் பன்றியைத் தொற்றும்.

அந்த ஓடு இருக்கிறதே! பிணம் கெடாமல் வைக்கும் ஃபார்மலினின் 2 சதவீதக் கரைசலில் போட்டாலும் உள்ளே கரு வளர்கிறது. ஆய்வகங்களில் நீர்த்த கந்தக அமிலத்திலேயே வளர்க்கிறார்கள். உள்ளடுக்கில் இருக்கும் கொழுப்பு எதையும் எளிதில் ஊடுருவ விடாது. வெளியடுக்கோ பலாப்பழம் உரித்த கையில் ஒட்டும் பால் மாதிரி; மடியில், குளம்பில், மண்வெட்டியில் எங்கும் ஒட்டிக்கொள்ளும். தாயின் காம்பைச் சப்பும் குட்டிக்கு அதுவே போதும்.

குடலுக்குள் போனதும் உடற்சூடும் கரியமில வாயுவும் சேதி சொல்ல, புழு நொதி சுரந்து ஓட்டைக் கரைத்து வெளிவரும். குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்குப் போய், அங்கே வெள்ளைத் தழும்புகளை விட்டு, நுரையீரலுக்கு ஏறி, இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே திரும்பும். 1922இல் ஜப்பானிய ஆய்வாளர் கொய்னோ மனித உருண்டைப்புழுவின் முட்டை 2,000ஐத் தானே விழுங்கி, தன் சளியில் குட்டிப் புழுக்களைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட முட்டைமேல் ஃபினாயில் தெளித்துவிட்டுக் கொட்டில் சுத்தம் என்கிறோம்! அது பயப்படுவது கொதிநீருக்கும் நீராவிக்கும் வறட்சிக்கும்தான். சாணத்தை அன்றன்று அள்ளினால் முட்டை முதிர்வதற்குள் இடத்தைவிட்டுப் போய்விடும். அள்ளியதைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள், பன்றிப் புழு மனிதரையும் பிடிக்கும். குவியலைப் புரட்டிப் புரட்டி 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி நாள்கணக்கில் மக்கவிட்டால் முட்டை பிழைக்காது.