காஞ்சிப் பாவில் ஜப்பான் போட்ட முதலீடு

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறார்கள். புழு வளர்ப்பது வேறு ஊர்க்காரர்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஏறும் பாவு பெரும்பாலும் கர்நாடகத்துக் கச்சாப் பட்டை முறுக்கிச் சாயம் தோய்த்தது. சீனப் பட்டும் உண்டு. பாவு எப்படிப்பட்டது என்பதை நெசவாளர் விரலால் வருடியே சொல்லிவிடுவார். இழை ஒரே பருமனாக இருக்க வேண்டும், பிசிறு நிற்கக் கூடாது. ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிபோட்டு, விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்க வேண்டும். கூலியோ சேலைக்குத்தான்.

இந்தத் தொல்லை புழுவிலேயே தொடங்குகிறது. தென்னிந்தியாவில் காலங்காலமாக வளர்க்கப்பட்டது 'ப்யூர் மைசூர்' என்ற பல்சந்ததிப் புழு, அதாவது ஆண்டுக்குப் பல தலைமுறை காணும் இனம். வெயிலையும் நோயையும் தாங்கும். ஆனால் கூடு சிறியது, நூல் குட்டை, தரம் சுமார். அதை வெளிநாட்டு இனத்தோடு கலந்து பெற்ற மஞ்சள் கூடுதான் பல காலம் சந்தையை ஆண்டது. சீனாவும் ஜப்பானும் வளர்த்தது ஆண்டுக்கு இரு தலைமுறை மட்டுமே காணும் இருசந்ததி வெண்பட்டு. ஒரு கூட்டிலிருந்தே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நூல் அறாமல் வரும். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அந்தப் புழுக்கள் பால்நோய் கண்டு கொத்துக் கொத்தாகச் செத்தன. ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்ட விவசாயி மறுபடி அந்த முட்டையைத் தொடுவாரா?

1991இல் மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் வல்லுநர்கள் வந்தார்கள். அப்போது ஜப்பானிலேயே பட்டு வளர்ப்பு அஸ்தமித்துக்கொண்டிருந்தது. 1930 வாக்கில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாயக் குடும்பங்கள் புழு வளர்த்த நாடு அது. வித்தை தெரிந்தவர்கள் மிஞ்சியிருந்தார்கள், வளர்ப்பவர்கள் அருகிப்போனார்கள். இந்தியாவில் நிலைமை நேர் எதிர். இப்படி இரு பக்கமும் காரணத்தோடு கைகுலுக்குவது உதவித் திட்டங்களில் அபூர்வம்.

கருவிகள் வந்தன, இந்திய விஞ்ஞானிகள் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். ஆனால் ஜப்பானிய முட்டையை அப்படியே இறக்கித் தருவதோடு வேலை முடியவில்லை. ஜப்பானியக் கலப்பினங்களை மூலமாக வைத்து, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற புழுவை மைசூரிலேயே உருவாக்கினார்கள். சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 என்ற இரு இனங்களின் கலப்பு அப்படிப் பிறந்ததுதான். 1997இல் அது விவசாயிகளுக்கு வந்தது. அதிகத் தழை தரும் 'வி1' மல்பெரியும் அதே காலத்தது.

முட்டை மட்டும் மாறினால் போதுமா? வீட்டுக் கூடத்தில் தட்டடுக்கி வளர்த்த புழுவுக்குத் தனி மனை கட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்னும் மனையைக் கிருமிநீக்கம் செய்வது கட்டாயமானது. முதல் இரண்டு பருவப் புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையமே வளர்த்துத் தந்தது. தழையைக் கிள்ளிப் போடும் வேலை போய், மல்பெரித் தண்டை அப்படியே வெட்டிப் பரப்பும் முறை வந்தது. வீட்டுப் பெண்களின் முதுகு வலிக்கு இதைவிட நல்ல ஆராய்ச்சி முடிவு இல்லை.

1991-97 ஆராய்ச்சி, 1997-2002 செயல்விளக்கம், 2002-07 விரிவாக்கம் என மூன்று கட்டங்கள்; கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்கள். 16 ஆண்டுகள் பொறுமை காட்டியதுதான் இந்த உதவியின் விசேஷம். மூன்றாண்டில் கணக்கை முடிக்கும் வழக்கமான திட்டமாக இருந்திருந்தால், ஒரு புழு இனத்தை நிலைநிறுத்துவதற்குள்ளேயே பணம் தீர்ந்திருக்கும்.

இருந்தும் பலன் உடனே கொட்டவில்லை. ஜப்பானியர்கள் கிளம்பி ஆறேழு ஆண்டுகள் கழிந்த 2013-14இல்கூட நாட்டின் வெண்பட்டு உற்பத்தி சுமார் 2,500 டன்தான். 2022-23இல் அது ஏறக்குறைய 8,900 டன். சி.எஸ்.ஆர். இனங்களிலிருந்தே மைசூர் விஞ்ஞானிகள் உருவாக்கிய நான்கு வழிக் கலப்பினங்கள் இதற்குக் கைகொடுத்தன. ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்று பெரும்பாலும் வெண்பட்டுக் கூடுதான்.

அந்தப் பட்டு காஞ்சிக்கு வந்து சேர இன்னொரு படி பாக்கியிருக்கிறது. வெண்பட்டுக் கூட்டின் முழுத் தரத்தை வாங்கத் தானியங்கி நூற்பு இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரங்களோ பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன.