தீர்ப்புக்கு முன்பே சிறை

சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுடைய வழக்கு முடியவில்லை. குற்றம் செய்தார்களா, இல்லையா என்று நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை.

சத்தீஸ்கர் மாநிலத்தில் சுக்மா என்றொரு மாவட்டம் உண்டு. காடு நிறைந்த பகுதி. பழங்குடி மக்கள் அங்கே அதிகம். 2017 ஏப்ரலில், புர்காபால் என்ற ஊர் அருகே மாவோயிஸ்டுகள் தாக்கினார்கள். மத்திய ரிசர்வ் போலீசார் 25 பேர் இறந்தார்கள். கொடுமையான சம்பவம். அந்த வழக்கில் பழங்குடியினர் பலர் கைதானார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. 121 பேரும் விடுதலை! ஆனால், அதற்குள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சிறையிலேயே போய்விட்டன. ஐந்து ஆண்டு என்றால் ஐந்து விதைப்பு. வீட்டில் இருந்த பெண்டு பிள்ளைகள் எப்படிச் சாப்பிட்டார்கள்? அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் வராது.

சிறிய வழக்கிலும் தொல்லை உண்டு. நீதிபதி ஜாமீன் கொடுப்பார். ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அவரிடம் நிலப் பத்திரம் கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தை உழுதவரிடம் பட்டா எங்கே இருக்கும்? வீட்டில் பேசுவது கோண்டி மொழி. கோர்ட்டில் நடப்பது இந்தி. சுக்மாவிலிருந்து ஜகதல்பூர் சிறைக்குப் போக சுமார் 100 கிலோமீட்டர். கூலி வேலையை விட்டு எத்தனை முறை போவது?

இதற்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. 2024 ஜூலை முதல் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. ஒரு குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் சிறையில் கழிந்தால் ஜாமீன் கேட்கலாம். முதல்முறை வழக்கில் சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. அப்படியானால் அவருக்கு 1 ஆண்டு. காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒருவர் மேல் பல வழக்கு இருந்தாலும் பொருந்தாது. நீண்ட காலம் அடைபட்டுக் கிடப்பவர்கள் பலர் அப்படிப்பட்ட வழக்கில் இருப்பவர்கள்தான். சட்டத்தில் இது பெரிய ஓட்டை.

பழங்குடியினருக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அரசு இலவசமாக வக்கீல் தர வேண்டும். வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். கைதி சிறையிலிருந்தே மனுக் கொடுக்கலாம். வீட்டார் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.