அப்பமாவில் ஒரு மருத்துவப் பாடம்

மருதமுனை முதல் நிந்தவூர் வரை, கல்முனைக் கரையோரத்தில் விடியற்பொழுதில் நடந்து செல்வோர் அப்பச்சட்டியின் மணத்தை நுகராதிருத்தல் அரிது. முதல்நாள் மாலை கரைத்து வைத்த மாவை ஓரிரவிற் பொங்கச் செய்தது யாது? நாம் கடையில் 'ஈஸ்ற்' என்று கேட்டு வாங்கும் மதுவமே. கண்ணுக்குப் புலனாகாத தனிக்கல உயிர் அது.

மாவிலுள்ள வெல்லத்தை உண்டு அது வெளிவிடும் காபனீரொட்சைட்டே மாவைப் பொங்க வைக்கிறது. வெல்லம் கிடைக்குமளவும் மதுவம் கொழுப்பை நாடுவதில்லை. காய்ந்த விறகு கையிலிருக்கப் பச்சை விறகை எந்த இல்லத்தரசி அடுப்பில் வைப்பாள்?

வெல்லத்தை நீக்கி, ஒலீயிக்கமிலம் என்னும் கொழுப்பமிலத்தையே உணவாகக் கொடுத்தால் நிலைமை மாறுகிறது. கலத்தினுள்ளே பேரொட்சிசோம் எனப்படும் நுண்ணறைகள் பருத்துப் பெருகுகின்றன. ஒலீயிக்கமிலம் 18 காபன் அணுக்கள் கோத்த சங்கிலியாகும். அவ்வறையிலுள்ள நொதியங்கள் அதனை ஒரு நுனியிலிருந்து இரண்டிரண்டு காபனாக வெட்ட, 8 வெட்டில் 9 துண்டுகள் கிடைக்கின்றன. அத்துண்டுகள் இழைமணியிற் சென்று எரிந்து சக்தி தருகின்றன. வெட்டும்போது ஐதரசன் பேரொட்சைட்டு என்னும் நச்சுப் பொருளும் பிறக்கிறது. அதனைக் கற்றலேசு என்ற நொதியம் அங்கேயே நீராகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடுகிறது. கொழுப்பமிலம் இவ்வாறு இரண்டிரண்டு காபனாகக் குறைவதை 1904 ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பிரான்சு நூப் ஆய்ந்து கூறினார்.

இதனால் நமக்கென்ன பயன் என்று மாணவர் வினவலாம். நம் உடற்கலங்களிலும் இவ்வறைகள் உள. 22 காபனும் அதற்கு மேலும் நீண்ட கொழுப்பமிலங்கள் முதலில் இங்கேதான் வெட்டப்படல் வேண்டும். செல்வெகர் நோயுடன் பிறந்த குழந்தைகளின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இவ்வறைகளே இல்லையென 1973 இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். மூளையும் ஈரலும் பழுதுற்று, அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் ஓராண்டு நிறையுமுன் இறந்துவிடுகின்றனர்.

1989 இல் ஜெர்மனியின் போஹும் நகரைச் சேர்ந்த ஏர்ட்மன், குனாவு ஆகியோரும் துணைவரும், இவ்வறைகளை அமைக்க இயலாத மதுவ வகைகளைப் பிரித்தெடுத்தனர். அவை வெல்லத்தில் வளர்ந்தன, ஒலீயிக்கமிலத்தில் வளரவில்லை. அவற்றிற் பழுதுற்ற பரம்பரையலகுகளை ஆராய்ந்தமை, மனிதரில் அவற்றையொத்த பரம்பரையலகுகளை இனங்காணவும் வழிகாட்டிற்று.

பெற்றோர் இருவரும் நலமாயிருந்தும், பழுதான அலகொன்றை ஒவ்வொருவரும் தாங்கியிருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கிலொரு பங்கு இந்நோய்க்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடையே அவ்வாய்ப்புச் சற்றுக் கூடும். முற்றாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்னும் இல்லை. ஆயினும், பழுதான அலகு எதுவென அறிந்த குடும்பத்தார் அடுத்த மகப்பேற்றிற்கு முன்னரே மருத்துவரின் ஆலோசனையைப் பெற இயலும்.

மகவை இழந்த தாயை நோக்கி, 'என்னத்தைத் தின்றாளோ, யார் கண்ணூறோ' என்று பேசுவோர் நம் ஊர்களில் இன்றும் உளர். அவள்மீது குற்றமில்லை என்பதற்கு, நம் அடுப்படிச் சட்டியிற் பொங்கும் அச்சிற்றுயிரே சான்றாக நிற்கிறது.